சுட்ட கோடு வேணுமா... சுடாத கோடு வேணுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுல முக்கால்வாசி நெட்ல இருந்து இறக்கினதா? அதுல தப்பே இல்லை பாஸ்! ஆனா, அது யாரோடது, என்ன நிபந்தனையோட கொடுத்திருக்காங்கனு பார்த்தீங்களா? பார்க்கலைன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கூமாப்பட்டியை இப்போ தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டாங்க. 2025-ல் ஒரு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைதியா இருந்த இந்த ஊரையும், பக்கத்துல இருக்கிற பிளவக்கல் அணையையும் தமிழ்நாடு முழுக்க ஃபேமஸ் ஆக்கிடுச்சு. ஆனா, நாம பேசப்போறது அணையைப் பத்தி இல்லை. காலையில வத்திராயிருப்பு வழியா கிருஷ்ணன்கோவிலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போற பஸ்ஸைப் பத்தி. கழுத்துல ஐ.டி. கார்டு, தோள்ல லேப்டாப் பை... காலேஜ் போற கூட்டம்!

அந்த பஸ்ல ஜன்னலோர சீட்ல ஒரு மாணவி இருக்கிறதா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருஷம். வீட்ல தென்னந்தோப்பு. ராத்திரி கரன்ட் வந்தா அப்பா எழுந்து போய் மோட்டார் போடணும். பாம்பு பயம் வேற. 'வீட்ல இருந்தே போன்ல மோட்டாரை ஆன் பண்ணா என்ன?'னு யோசிச்சு ஒரு ஆப் செய்யறாங்க. வைவாவுல சபாஷ்! அடுத்த வாரமே ராஜபாளையத்துல பம்ப்செட் கடை வெச்சிருக்கிற ஒருத்தர், "இதை எனக்குக் கொடும்மா. செட்டுக்கு இவ்வளவுனு காசு தர்றேன்"ங்கிறார்.

சந்தோஷமான விஷயம்தானே? ஆனா, அந்த ஆப்ல அவங்க கையால எழுதினது 400 வரி. கிட்ஹப்ல இருந்து இறக்கினது 4,000 வரி. இப்போ சொல்லுங்க... விக்கலாமா, கூடாதா?

பதிலைக் கடைசியில பார்ப்போம். அதுக்குள்ள சில கேஸ் கட்டுகளைப் புரட்டிட்டு வந்துடலாம்.

புரோகிராம் என்பது இலக்கியம்!

சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படித்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1984-ல் செய்த திருத்தத்தில், கம்ப்யூட்டர் புரோகிராமையும் 'இலக்கியப் படைப்பு' என்ற பட்டியலில் சேர்த்துட்டாங்க. அதாவது, நீங்க எழுதுற புரோகிராம் சட்டத்தின் பார்வையில நாவலுக்கும் சிறுகதைக்கும் தம்பி. எழுதி முடிச்ச நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துடும். எங்கேயும் போய்ப் பதிவு செஞ்சாகணும்னு கட்டாயம் இல்லை. அந்த உரிமை உங்க ஆயுள் முழுக்கவும், அதுக்குப் பிறகு 60 வருஷமும் நிக்கும்.

இதுல ஒரு பெரிய உண்மை ஒளிஞ்சிருக்கு. 'நெட்ல சும்மா கிடக்கு, லைசென்ஸ் எதுவும் போடலை, அப்போ யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்'னுதான் நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். நிஜம் அதுக்கு நேர் எதிர். லைசென்ஸ் போடாத கோடு, பூட்டின வீடு மாதிரி. கதவு திறந்து கிடந்தாலும் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வர முடியாது. 'ஓப்பன் சோர்ஸ்'ங்கிறது ஓனரே இல்லாத சரக்கு இல்லை. ஓனர் தானே முன்வந்து, 'இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டா எடுத்துக்கோ'னு எழுதிக் கொடுத்தது.

பால்கோவா பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு பால்கோவாவை விட முடியுமா? பாலையும் சர்க்கரையையும் சேர்த்து அடுப்புல கிண்டுற முறையை யார் வேணும்னாலும் செய்யலாம். அது ஐடியா. ஐடியாவுக்குக் காப்புரிமைச் சட்டத்துல உரிமை கிடையாது. அந்தச் செய்முறையை ஒருத்தர் தன் சொந்த நடையில புத்தகமா எழுதினா, அந்த எழுத்து அவரோடது. 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'ங்கிற பேர் இருக்கே, அது மூணாவது சமாசாரம். 2019-ல் அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிடுச்சு. வேற ஊர்ல கிண்டி இந்தப் பேரை ஒட்ட முடியாது.

சாஃப்ட்வேர்லயும் இதே மூணு அடுக்குதான். மோட்டாரை போன்ல ஆன் பண்ற ஐடியா எல்லாருக்கும் பொது. அதுக்காக எழுதின கோடு எழுதினவருக்குச் சொந்தம். ஆப்போட பேரும் லோகோவும் தனி உரிமை. இந்த மூணாவது அடுக்குல ஒரு சுவையான கதை உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரோட கோடு ஓப்பன் சோர்ஸ்தான். ஆனா, பேரையும் நரிப் படத்தையும் பயன்படுத்த மொஸில்லா போட்ட நிபந்தனைகள், டெபியன் லினக்ஸ்காரங்களுக்கு ஒத்துவரலை. 2006-ல் அதே பிரவுசரை 'ஐஸ்வீஸல்'னு பேர் மாத்தி வெச்சாங்க. சண்டை தீர்ந்து பழைய பேர் திரும்பி வந்தது 2016-ல். பத்து வருஷம், ஒரு பேருக்காக!

லைசென்ஸ் எத்தனை லைசென்ஸடா!

பட்டியல் நீளமா இருந்தாலும், நமக்கு மூணு ரகம் தெரிஞ்சா போதும்.

முதல் ரகம் எம்.ஐ.டி., பி.எஸ்.டி. மாதிரி தாராளப் பிரபுக்கள். 'எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. என் பேரும் இந்த லைசென்ஸ் அறிவிப்பும் மட்டும் அப்படியே இருக்கட்டும்'னு சொல்றவங்க. அப்பாச்சி லைசென்ஸும் இந்த ஜாதிதான். கூடவே, 'எந்த ஃபைலை மாத்தினேனு சொல்லு'னு கேட்கும். பேடன்ட் சம்பந்தமாவும் சில வரிகள் வெச்சிருக்கும்.

இரண்டாவது ஜி.பி.எல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் கொண்டுவந்தது. லினக்ஸ் கெர்னல் இருக்கிறது இதோட இரண்டாவது பதிப்பின் கீழேதான். நம்ம ஊர் பாஷையில சொன்னா, இது விதைநெல் ஒப்பந்தம். 'என்கிட்டே விதை வாங்கிட்டுப் போ. உன் வயல்ல போடு. விளைஞ்சதை விலைக்கும் வித்துக்கோ. ஆனா, உன்கிட்டே வாங்கறவர் கேட்டா, நீயும் விதையோட கொடுக்கணும்.' விதைங்கிறது சோர்ஸ் கோடு. அரிசியா குத்தி மட்டும்தான் கொடுப்பேன்னு சொல்ல முடியாது!

மூணாவது ஏ.ஜி.பி.எல். சாஃப்ட்வேரை யாருக்கும் கொடுக்காம, சர்வர்ல வெச்சு நெட் வழியா சேவை மட்டும் நடத்தினா ஜி.பி.எல். பெரும்பாலும் வாயைத் திறக்காது. ஏ.ஜி.பி.எல். திறக்கும். மாத்தின கோடை, அதைப் பயன்படுத்துறவங்களுக்கும் கொடுன்னு கேட்கும்.

'இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்'னு நினைக்காதீங்க. தமிழ்நாடு அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கா? அதைச் செஞ்சது சி-டாக் நிறுவனத்தோட சென்னை மையம். டெபியன் லினக்ஸை அடித்தளமா வெச்சு இந்திய மொழிகளுக்காக எழுப்பினது. யாரோ எங்கேயோ எழுதினதை எடுத்து, மாத்தி, நம்ம ஊர் ஸ்கூல் பசங்க மடியில வெச்சிருக்காங்க. யாருக்கும் ராயல்டி கொடுக்கலை, திருட்டும் இல்லை. லைசென்ஸை மதிச்சா எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறதுக்கு அந்த லேப்டாப்பே சாட்சி.

பொம்மை ரயில் கேஸ்

சரி, லைசென்ஸை மதிக்கலைன்னா? 'சும்மா கொடுத்ததுதானே... கேஸ் போட்டா கோர்ட்டுல நிக்குமா?' இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, பொம்மை ரயில்!

கலிஃபோர்னியாவுல ராபர்ட் ஜேக்கப்சன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர். பொழுதுபோக்கு, மாடல் ரயில் ஓட்டுறது. கம்ப்யூட்டர்ல இருந்தே அந்த ரயில்களை இயக்கற ஒரு சாஃப்ட்வேரை நண்பர்களோட சேர்ந்து எழுதி, 'ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்'னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல வெளியிட்டார். அதே துறையில சாஃப்ட்வேர் வித்துக்கிட்டிருந்தவர் மேத்யூ காட்ஸர். அவரோட கம்பெனி, 'எங்க பேடன்ட்டை மீறிட்டீங்க'னு பேராசிரியருக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேலே பில் அனுப்புச்சு. இலவசமா கொடுத்தவருக்கு வந்த பரிசு!

பேராசிரியர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதுதான் இன்னொரு விஷயமும் வெளியில வந்தது. காட்ஸர் தரப்போட சாஃப்ட்வேருக்குள்ளேயே பேராசிரியர் குழுவோட ஃபைல்கள் இருந்துச்சு. எழுதினவங்க பேர் இல்லை, லைசென்ஸ் அறிவிப்பும் இல்லை.

கீழ் கோர்ட்டு, 'இது வெறும் ஒப்பந்த மீறல்தான், காப்புரிமை மீறல் இல்லை'ங்கிற மாதிரி பேசுச்சு. வித்தியாசம் என்னன்னு கேட்கிறீங்களா? ஒப்பந்த மீறல்னா, 'உங்களுக்கு எத்தனை ரூபாய் நஷ்டம்?'னு கேட்பாங்க. இலவசமா கொடுத்தவருக்கு என்ன நஷ்டம் காட்ட முடியும்? காப்புரிமை மீறல்னா கோர்ட்டு தடை உத்தரவே போடலாம். 2008 ஆகஸ்ட்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டுச்சு. பேர் போடு, மாத்தினதைச் சொல்லுங்கிறதெல்லாம் வெறும் வேண்டுகோள் இல்லை. அனுமதியே அந்த நிபந்தனைகளின் மேலதான் நிக்குது. அதை மீறினா அனுமதியும் போச்சு! 2010-ல் சமரசம் ஆனப்போ, எதிர்த்தரப்பு பேராசிரியருக்கு ஒரு லட்சம் டாலர் தர ஒத்துக்கிட்டாங்க.

காசு வாங்காம கொடுத்த கோடுக்கும் கோர்ட்டுல மதிப்பு உண்டுனு உலகத்துக்கே காட்டின கேஸ் இது.

கைமாறி வந்த வினை

லின்க்சிஸ் கம்பெனி 2002 கடைசியில ஒரு வைஃபை ரவுட்டரை விட்டாங்க. நீலமும் கறுப்புமா, இரண்டு கொம்போட இருக்கும். 2003-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியையே கிட்டத்தட்ட 50 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதே வருஷம் சில புரோகிராமர்கள் ரவுட்டரை நோண்டிப் பார்த்தா, உள்ளே லினக்ஸ்! ஜி.பி.எல். படி சோர்ஸ் கோடு கொடுத்திருக்கணும், கொடுக்கலை.

இதுல வேடிக்கை, லின்க்சிஸ் அதைத் தானே எழுதலை. சிப் சப்ளை பண்ணின கம்பெனி வழியா வந்தது. கடைசியில மாட்டினது, பெட்டி மேல பேர் போட்டவங்க. நெருக்கடிக்குப் பிறகு சோர்ஸ் கோடு வெளியில வந்துச்சு. அதை வெச்சு 2004-ல் பிறந்ததுதான், இன்னிக்கும் உலகம் முழுக்க ரவுட்டர்கள்ல ஓடுற 'ஓப்பன்டபிள்யூஆர்டி'.

ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து சி.டி.யிலயோ பென்டிரைவ்லயோ ப்ராஜெக்ட் வாங்கற நண்பர்கள் இந்த இடத்துல ஒரு தடவை நின்னு யோசிங்க. அவங்க எங்கே இருந்து எடுத்தாங்கனு உங்களுக்குத் தெரியாது. ஆனா, முதல் பக்கத்துல போட்டிருக்கிறது உங்க பேர்தான்!

பெங்களூருல ஒரு நோட்டீஸ்

காப்புரிமை எப்பவும் எளியவங்க பக்கம்தான் நிக்கும்னு சொல்ல முடியாது. சில சமயம் வாயை மூடவும் அதைப் பயன்படுத்துவாங்க.

2015 ஜூன். பெங்களூருல இருக்கிற புரோகிராமர் தேஜேஷ் ஜி.என்., ஏர்டெல் 3ஜி-ல தன்னோட சொந்த வலைத்தளத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். பக்கத்தோட சோர்ஸைத் திறந்தா, அவர் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் உள்ளே இருந்துச்சு! நடு வழியில யாரோ செருகியிருக்காங்க. 'பாருங்கப்பா, இதுதான் நடக்குது'னு அந்தக் கோடையும் ஸ்கிரீன்ஷாட்டையும் கிட்ஹப்ல போட்டார். சில நாள்லயே வக்கீல் நோட்டீஸ். அனுப்பினது, அந்தத் தொழில்நுட்பத்துக்குச் சொந்தமான ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி. 'எங்க கோடை அனுமதி இல்லாம வெளியிட்டது காப்புரிமை மீறல்'னு குற்றச்சாட்டு. அமெரிக்காவோட டி.எம்.சி.ஏ. சட்டப்படி கிட்ஹப்புக்கும் புகார் போக, அந்தப் பக்கம் மறைக்கப்பட்டுச்சு. ஏர்டெல், அந்த நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லைனு அறிக்கை விட்டுச்சு.

தன் பிரவுசருக்கே வந்து சேர்ந்த கோடைக் காட்டினது தப்பா? நம்ம சட்டத்துல 52-வது பிரிவுனு ஒண்ணு உண்டு. முறையா கையில வந்த புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு கவனிக்கவும், ஆராயவும், சோதிச்சுப் பார்க்கவும் அது இடம் கொடுக்குது. கம்ப்யூட்டர் படிக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய பிரிவு இது.

கீபோர்டு யுத்தம்

பக்கத்து வீட்டுக் கதை ஒண்ணு. வங்காளதேசத்துல 'பிஜோய்'னு ஒரு வங்காளி கீபோர்டு சாஃப்ட்வேர். 1988-ல் வந்தது, காசு கொடுத்து வாங்கணும். 2003-ல் மெஹ்தி ஹசன் கான்னு ஒரு மெடிக்கல் மாணவர் 'அவ்ரோ'னு ஒண்ணை எழுதி, இலவசமா கொடுத்தார். நாடே அதுக்கு மாறிடுச்சு. 2010-ல் பிஜோயோட உரிமையாளர் முஸ்தபா ஜப்பார், 'எங்க கீபோர்டு அமைப்பைக் காப்பியடிச்சு உள்ளே வெச்சிருக்காங்க'னு காப்புரிமை அலுவலகத்துல புகார் கொடுத்தார். கோடு காப்பி இல்லை. எந்த எழுத்து எந்த பட்டன்லங்கிறதுதான் சண்டையே! கடைசியில சமரசம். அந்த ஒரு அமைப்பை மட்டும் அவ்ரோ நீக்கிடுச்சு. அவ்ரோவை உருவாக்கின குழுவுக்கு 2025-ல் அந்த நாட்டோட உயரிய 'ஏகுஷே பதக்' விருது கிடைச்சது.

நமக்கு ஏன் அந்தச் சண்டை இல்லை? 1999-ல் சென்னையில நடந்த 'தமிழ்நெட்99' மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு ஒரு விசைப்பலகையைப் பொதுத் தரமா அறிவிச்சது. அதுதான் தமிழ்99. எந்த மாணவரும் அதை வெச்சு சாஃப்ட்வேர் எழுதலாம், யாரையும் கேட்க வேண்டாம். பொதுவுல வெச்ச ஒரு விஷயம், எத்தனை வழக்குகளை மிச்சப்படுத்தியிருக்கு பாருங்க!

ஏ.ஐ. எழுதிக் கொடுத்தா?

'நான் யார்கிட்டேயும் சுடலை. சாட்ஜிபிடிதான் எழுதுச்சு'னு சொல்றவங்களுக்கு இரண்டு செய்திகள்.

ஒண்ணு: 2024 செப்டம்பர்ல 'பியர் ஏ.ஐ.'னு ஒரு அமெரிக்க ஸ்டார்ட்அப், 'வந்துட்டோம்'னு பெருமையா அறிவிச்சது. அவங்க எடிட்டர், 'கன்டினியூ'ங்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டை வெச்சு செஞ்சது. அது அப்பாச்சி லைசென்ஸ், எடுத்துக்கலாம், தப்பில்லை. ஆனா, அதுக்கு மேல தாங்களே ஒரு புது லைசென்ஸை ஒட்டினாங்க. அதையும் சாட்ஜிபிடிகிட்டே எழுதி வாங்கினதா அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இன்டர்நெட் மொத்தமும் கிழி கிழினு கிழிச்சதுல, மன்னிப்புக் கேட்டு பழைய லைசென்ஸுக்கே திரும்பினாங்க.

இரண்டு: புரோகிராமர்கள் சிலர் சேர்ந்து 2022 நவம்பர்ல கிட்ஹப் கோபைலட் மேல அமெரிக்காவுல வழக்குப் போட்டாங்க. 'எங்க கோடைப் படிச்சுட்டு, எங்க பேர் இல்லாம திருப்பிக் கக்குது'ங்கிறது புகார். 2024-க்குள்ள பெரும்பாலான குற்றச்சாட்டுகள் தள்ளுபடி ஆகி, சண்டை மேல்முறையீட்டுக்குப் போயிடுச்சு. மெஷின் கொடுத்தாலும், அதை உங்க ப்ராஜெக்ட்ல ஒட்டி உங்க பேர் போடுறது நீங்கதான். அதை மறந்துடாதீங்க.

தோப்பு ஆப்புக்கு என்ன தீர்ப்பு?

இப்போ கூமாப்பட்டி பஸ்ஸுக்கு வருவோம். அந்த 4,000 வரியைப் பிரிச்சுப் பார்க்கணும்.

எம்.ஐ.டி.யில வந்த பகுதிக்குப் பிரச்னையே இல்லை. எழுதினவங்க பேரையும் லைசென்ஸையும் ஆப்போட சேர்த்துக் கொடுத்தா போதும். ஜி.பி.எல். பகுதி கலந்திருந்தா? விக்கலாம். ஆமா, தாராளமா விக்கலாம்; ஜி.பி.எல். காசு வாங்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லை. ஆனா, மூடி வெச்சு விக்க முடியாது. பம்ப்செட் கடைக்காரருக்கும், அவர்கிட்டே வாங்கற விவசாயிக்கும், கேட்டா முழு சோர்ஸ் கோடும் கிடைக்கணும். அவங்க அதை மாத்தலாம், பக்கத்துத் தோப்புக்காரருக்கும் கொடுக்கலாம். கடைக்காரர்கிட்டே இதை முதல்லயே சொல்லிடறது நல்லது. கோடை விட சர்வீஸுக்கும் இன்ஸ்டலேஷனுக்கும் காசு வாங்கறது இன்னும் புத்திசாலித்தனம். உலகத்துல ரெட் ஹாட் மாதிரி கம்பெனிகள் வளர்ந்தது அப்படித்தான்.

லைசென்ஸே இல்லாத பகுதி? அங்கேதான் கண்ணிவெடி. எழுதினவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கணும். பல பேர் சந்தோஷமா 'சரி' சொல்லிடுவாங்க. பதில் வரலைன்னா, அந்தப் பகுதியைத் தூக்கிட்டு சொந்தமா எழுதணும். ஐடியா பொதுதானே!

'ஒண்ணும் பண்ணலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?' தெரியும். பெரிய கம்பெனிகள் கோடை ஸ்கேன் பண்ணி, எந்த வரி எங்கே இருந்து வந்ததுனு கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க. இந்தியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, தெரிஞ்சே செய்யற காப்புரிமை மீறலுக்கு ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை, 50,000-ல இருந்து 2 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டாங்கதான். ஆனா, அது கடைக்குப் போயிட்டா அது ப்ராஜெக்ட் இல்லை, பிசினஸ்!

ரெக்கார்டு நோட்டு எழுதும் முன்...

* எடுக்கறதுக்கு முன்னாடி, 'லைசென்ஸ்'ங்கிற ஃபைல் இருக்கானு பாருங்க. இல்லைன்னா கேளுங்க.

* எங்கே இருந்து எது எடுத்தீங்கனு ஒரு பக்கத்துல குறிச்சு வெச்சுக்குங்க. வைவாவுல அதை நீங்களே முதல்ல சொன்னா, மார்க் குறையாது, மரியாதை கூடும்.

* ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல இருந்து எடுக்கற துணுக்குக்கும் லைசென்ஸ் உண்டு. அது கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. எழுதினவர் பேரைச் சொல்லணும், அதே நிபந்தனையில பகிரணும்.

* அடுத்தவர் பேரை அழிச்சுட்டு உங்க பேரை எழுதாதீங்க. அவர் பேருக்குக் கீழே உங்க பேரையும் சேருங்க.

* உங்க கோடை வெளியிடும்போது, நீங்களும் ஒரு லைசென்ஸைப் போடுங்க. போடலைன்னா, உங்க ஜூனியருக்கு அது பூட்டின வீடு.

* வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி வேலையா எழுதறது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கம்பெனிக்குத்தான் சொந்தம். ஆஃபர் லெட்டரை முழுசா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. மாணவரா எழுதறப்போ உங்க காலேஜுக்குத் தனியா விதி இருக்கானும் கேட்டுக்குங்க.

சுட்ட பழத்துல மண் ஒட்டியிருக்கும், ஊதித்தான் சாப்பிடணும். கோடும் அப்படித்தான் நண்பர்களே. எடுங்க, மாத்துங்க, வித்துக்கூட பாருங்க. வாயில போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதிடுங்க!